ராணி உடையில் வெள்ளி ஜரிகை வரைவது எப்படி?

கேள்வி: வெலாஸ்கஸ் வரைந்த ஸ்பெயின் ராணி மரியானாவின் படத்தைப் பார்த்து ஆயில் பெயின்ட்டில் வரைகிறேன். கறுப்பு கவுனில் உள்ள வெள்ளி ஜரிகைக்கு சில்வர் டியூப் பூசினால் ஈயத்தகடு மாதிரி தெரிகிறது. வெள்ளை தொட்டு வைத்தால் கறுப்போடு கலந்து சாம்பலாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: சில்வர் டியூப் வேண்டவே வேண்டாம். மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த 1652-53 படத்தில் ஜரிகையாகத் தெரிவதெல்லாம் சாம்பலும் வெள்ளையும்தான். அருகில் போனால் வெறும் தீற்றல்கள். நாலடி தள்ளி நின்றால் வெள்ளி. அதுதான் வெலாஸ்கஸின் அபாரம்.

முதலில் கறுப்பைச் சரிசெய்யுங்கள். ஐவரி பிளாக் மட்டும் பூசினால் காய நெடுநாள் ஆகும். அதன்மேல் சீக்கிரம் காயும் பூச்சு ஏறினால் வெடிப்பு விடும். இரண்டு பங்கு ஐவரி பிளாக்குக்கு ஒரு பங்கு பர்ன்ட் அம்பர் (அடர்பழுப்பு) கலந்து, கொஞ்சம் டர்பன்டைன் விட்டு மெல்லியதாகப் பூசுங்கள். அம்பரில் இருக்கும் மாங்கனீஸ் காய்வதை வேகப்படுத்தும். விரலில் ஒட்டாத அளவுக்குக் காயும்வரை ஜரிகையில் கை வைக்காதீர்கள். உங்களுக்குச் சாம்பலாவது ஈரக் கறுப்பின்மேல் வெள்ளை வைப்பதால்தான். பெங்களூரு மழைக்காலத்தில் காய்வது இன்னும் இழுக்கும். அவசரத்துக்கு வெயிலில் வைக்க வேண்டாம்.

காய்ந்தபின் ஜரிகை ஓடும் இடம் முழுக்க நடுத்தரச் சாம்பல் பூசுங்கள். அது காய்ந்ததும், டைட்டானியம் ஒயிட்டில் துளி யெல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்) கலந்து, எண்ணெய் சேர்க்காமல் கெட்டியாக எடுத்து, ஒளி படும் மேட்டில் மட்டும் ஒரே தொடுதலாக வைத்து பிரஷ்ஷைத் தூக்கிவிடுங்கள். கோடாக இழுத்தால் நாடா ஒட்டியதுபோல் ஆகிவிடும். சிக்பேட்டை ஜவுளிக் கடையில் ஜரிகை போட்ட கறுப்புப் பட்டுத் துணியை மடித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள்: மடிப்பு முகட்டில்தான் ஜரிகை மின்னும், பள்ளத்தில் மங்கிக் கிடக்கும். பத்தில் ஏழு பங்கு சாம்பலாகவே இருக்கட்டும். வார்னிஷ் ஆறு மாதம் கழித்து.

கேள்வி: அந்த ராணி கறுப்பு உடுத்தியிருப்பது துக்கத்துக்கா?
– வாசகர், ஜெயநகர், பெங்களூரு

பதில்: இல்லை. நல்ல ஆழமான கறுப்புச் சாயம் விலை கூடியது. ஸ்பெயின் அரசவையில் அது கௌரவ நிறம். கணவர் நான்காம் பிலிப் இறந்தது 1665இல்தான். அதற்குப் பிந்தைய படங்களில் ராணி கன்னியாஸ்திரீ போன்ற கைம்பெண் உடையில் இருப்பார், ஜரிகை இருக்காது.