பழைய காரில் நொக் சத்தம் நிற்கவே இல்லை, என்ஜினை இறக்கத்தான் வேண்டுமா?

கேட்டவர் சொன்னது இதுதான்: எண்பதுகளில் வந்த டொயோட்டா டிஎக்ஸ் வாகன், 4கே என்ஜின். 95 பெற்றோல் அடித்துப் பார்த்தாயிற்று, பிளக் நான்கும் புதிது, ரைமிங்கையும் (பிளக் பொறி விடும் நேரம்) கொஞ்சம் பின்னுக்கு வைத்தாயிற்று. இழுவை குறைந்ததே தவிர, ஆட்கள் ஏறினால் நொக் அடிக்கிறது. கராச்சில் என்ஜினை இறக்கச் சொல்கிறார்கள்.

இறக்க வேண்டாம், இப்போதைக்கு வேண்டாம். இதே என்ஜினோடு கிளிநொச்சியில் ஒரு வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டியவன் என்பதால் சொல்கிறேன்.

முதலில் சத்தம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்ராற் பண்ணும்போதே அடிவயிற்றிலிருந்து 'டொக் டொக்' என்று கனமாக வந்தால் அது பெயரிங். ஐடிலில் ஓடவிட்டு, ரப்பர் பிடி போட்ட குறட்டால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஒரு சிலிண்டரின் வயரைக் கழற்றியதும் சத்தம் தெளிவாகக் குறைந்தால் பிஸ்ரனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டின் பெயரிங் (கொன்ரொட் பெயரிங்) அந்தச் சிலிண்டரில் தேய்ந்திருக்கிறது. அப்போது மட்டும் கராச்காரர் சொன்னது சரி, வண்டியை மேலும் ஓட்டாதீர்கள். மேலே வால்வ் மூடிக்குள் தையல் மெஷின் மாதிரி மெல்லியதாகக் கேட்டால் ரப்பெற், அதாவது வால்வைத் தள்ளும் இடத்தில் இடைவெளி கூடிவிட்டது. அதை அரை நாளில் சரிப்படுத்திவிடலாம்.

உங்களுக்கு நடப்பது இரண்டும் இல்லை என்றே நினைக்கிறேன். சூடான பிறகு, சுமையோடு, ரொப் கியரில் மிதிக்கும்போது தகரப் பேணிக்குள் மாபிள் உருண்டைகளைக் குலுக்கியது மாதிரி வருகிறது என்றால், சிலிண்டருக்குள் தீ போய்ச் சேர முன்னமே மிச்சப் பெற்றோல்-காற்றுக் கலவை தானாக வெடிக்கிறது. எனக்கும் அப்படித்தான். வன்னியில் மேடு என்றால் குளக்கட்டுத்தானே. பின்னால் இரண்டு நெல் மூட்டையோடு குளக்கட்டில் ஏறினால் போதும், மனம் பதறும் அளவுக்கு அடிக்கும்.

எங்கள் ஊரில் நொக் என்றதும் எல்லோரும் பெற்றோலைத்தான் சந்தேகிப்போம். அதற்குக் காரணம் இருக்கிறது. தொண்ணூறுகளில் வன்னிக்குப் பெற்றோல் வரத் தடை இருந்தபோது அப்பாவின் ஒஸ்ரின் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. சின்னப் போத்தல் பெற்றோலில் ஸ்ராற் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். மண்ணெண்ணெயின் ஒக்டேன், அதாவது நொக் அடிக்காமல் தாங்கும் அளவு (95, 92 என்கிறோமே, அதுதான்), மிகக் குறைவு, அதனால் வழி முழுக்க நொக் அடிக்கும். அந்தச் சத்தத்தோடு வளர்ந்த காது எனக்கு. ஆகவே நானும் ஆறு மாதம் பெற்றோலையே மாற்றி மாற்றி அடித்தேன். பிறகு காபரேற்றரைக் கழுவினேன். பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ரிபியூற்றருக்குள், வேகம் கூடும்போது ரைமிங் முன்னுக்குப் போவதைக் கட்டுப்படுத்தும் அட்வான்ஸ் ஸ்பிரிங்குகளைப் பார்த்தேன், நன்றாகவே இருந்தன. (நீங்களும் பாருங்கள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஐடிலில் ரைமிங் சரியாகக் காட்டி, வேகம் கூடும்போது அளவுக்கு மேல் முன்னுக்கு ஓடிவிடும். ரைமிங் லைற்றை வைத்துக்கொண்டு அக்சிலேற்றரைக் கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.)

ஒரு விடயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. காலையில் அதே குளக்கட்டில், அதே சுமையோடு ஏறினால் சத்தமே இல்லை. சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் மத்தியான வெயிலில்தான் அடிக்கும். சில நாள் சாவியை அணைத்த பிறகும் என்ஜின் நாலைந்து தடவை குலுங்கி இழுத்துவிட்டுத்தான் நின்றது. உள்ளே எங்கோ தீக்கனல் மாதிரி ஓர் இடம் சூடாக நிற்கிறது என்பதன் அடையாளம் அது. ஆனால் மீற்றரில் சூடு நடுவில்தான் நின்றது, அதை நம்பி ஏமாந்தேன். அந்த முள் காட்டுவது சென்சர் இருக்கும் ஓர் இடத்துத் தண்ணீரின் சூட்டை மட்டும்தான்.

வயதான மெக்கானிக் அண்ணை ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, ரேடியேற்றருக்கு என்ன தண்ணி விடுறனீர்?" என்று கேட்டார். கிணற்றுத் தண்ணீர் என்றேன். "வீட்டுக் கேத்திலைத் திறந்து பாரும்" என்றார். எங்கள் கேத்திலின் அடியில் வெள்ளைப் பொருக்கு, விரல் நகத்தால் சுரண்டினாலும் போகாது. சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீர் கொதிக்கக் கொதிக்கக் கல்லாகப் படிகிறது. என்ஜினுக்குள்ளும் அதே தண்ணீர், அதே சூடு.

என்ஜின் ஆறிய பிறகு புளொக்கின் பக்கத்தில் இருக்கும் தண்ணீர் வடிக்கும் நட்டைக் கழற்றினார். ஒரு சொட்டு வரவில்லை. கம்பியால் குத்தினார். செம்மண் குழம்பு மாதிரிக் கொஞ்சம் கசிந்தது, பிறகு ஓடுகளாக உடைந்து வந்தது. கடைசிச் சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீரே ஓடியிருக்கவில்லை, அங்கே சூடு பிடித்துத்தான் நொக் அடித்திருக்கிறது. முந்தி வைத்திருந்தவர் தேர்மோஸ்ராற்றையும் (என்ஜின் சூடானதும் தண்ணீரை ரேடியேற்றருக்குத் திறந்துவிடும் வால்வ்) கழற்றி எறிந்திருந்தார்.

ரேடியேற்றரைக் கழற்றி மேல்தாங்கியைத் திறந்து குழாய்களுக்குள் கம்பி விட்டுத் துப்புரவாக்கினோம். புளொக்குக்குச் சிற்றிக் அசிட் கரைத்து விட்டு, சூடாக்கி, வடித்து, நல்ல தண்ணீரால் மூன்று முறை அலசினோம். மலகூடம் கழுவும் அசிட்டை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், 4கேயின் ஹெட் அலுமினியம், அதைத் தின்றுவிடும். புது தேர்மோஸ்ராற், கூலன்ற், அதில் கலக்க மாரியில் பிடித்துவைத்த மழைத் தண்ணீர். ரைமிங்கைப் பழைய அளவுக்கே கொண்டு வந்தோம். அன்று மத்தியானமே குளக்கட்டில் ஏற்றினேன், சத்தம் இல்லை. இப்போது 92 பெற்றோலில்தான் ஓடுகிறது.

உங்களுக்கும் தண்ணீர்தான் என்று அடித்துச் சொல்லமாட்டேன். நட்டைக் கழற்றித் தண்ணீர் தெளிவாகப் பாய்ந்து வந்தால், அடுத்தது காபன். பிளக் துளையால் மெல்லிய கம்பியை விட்டுப் பிஸ்ரன் தலையைத் தொட்டுப் பாருங்கள், தடித்த கரிப்படை இருந்தால் கம்பி நுனியில் ஒட்டும். அதற்கும் ஹெட்டைக் கழற்றினால் போதும், என்ஜினை இறக்கத் தேவையில்லை. பிளக் நுனி வெள்ளை வெளேரென்று இருந்தால் கலவையில் காற்றுக் கூடிவிட்டது, காபரேற்றர் அடியில் இருக்கும் கஸ்கற் எங்காவது காற்று இழுக்கிறதா என்று தேடுங்கள்.

முதலில் அந்த நட்டு. என்ஜின் நன்றாக ஆறிய பிறகு கழற்றுங்கள், ஒரு கம்பியும் கையில் இருக்கட்டும்.