வர்த்தகர் ஒருவர் மாநகர முதல்வராகலாமா?

வர்த்தகர் ஒருவர் மாநகர முதல்வரானால் நகரத்தையும் தம் கடையைப் போலவே நடத்திவிடுவாரே என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் ஊர்த் தேர்தலை மனத்தில் வைத்தே கேட்டிருப்பீர்கள் என எண்ணுகிறேன். யாழ்ப்பாணத்தில் தந்தையார் விட்டுச்சென்ற இரும்புக்கடையை நடத்தும் எனக்கு இக்கேள்வி சுடுகிறது.

திருகாணி செய்து விற்ற ஜோசப் சேம்பர்லினின் வாழ்க்கையைப் பாருங்கள். 1854 இல், 18 வயதில், உறவினரின் திருகாணித் தொழிலுக்காக இலண்டனிலிருந்து பேர்மிங்ஹாமுக்கு வந்தவர், 1873 இல் அந்நகரின் முதல்வரானார். மறு ஆண்டே தொழிலை விட்டு விலகினார். அங்கே விளக்கெரிக்கும் வாயுவை விற்ற இரண்டு தனியார் கம்பனிகள் போட்டி போட்டுக்கொண்டு தெருக்களைத் தோண்டிக்கொண்டிருந்தன. 1875 இல் இரண்டையும் நகரசபைக்கே வாங்கி, அந்த இலாபத்தை நகரத்துக்குச் செலவிட வழிசெய்தார். ஆனால், அடுத்து குடிநீர் விநியோகத்தை வாங்கும்போது, அதில் இலாபம் தேடலாகாது, மக்களின் உடல்நலமே அதன் வருவாய் என்று வாதிட்டார். பேரேடு எழுதிப் பழகியவருக்கே இந்த வேறுபாடு இவ்வளவு துலக்கமாகத் தெரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

அவர் 1895 முதல் 1903 வரை குடியேற்ற நாட்டு அமைச்சராக இருந்தபோது இலங்கையும் அவரது அமைச்சின் கீழ் இருந்ததையும், பேர்மிங்ஹாமில் சேரிகளை இடித்துப் பெருந்தெரு அமைத்தபோது ஏழைகளுக்குப் போதிய வீடுகள் கிடைக்காததையும் நான் மறைக்கவில்லை. அவரது முதல்வர் பதவிக்காலத்தைப் பற்றியே பேசுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னையும் உள்ளூராட்சித் தேர்தலில் நிற்கும்படி சிலர் கேட்டு வந்தார்கள். அப்போது கடையில் நின்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "தம்பி, கடைக்காரருக்கு இலாபத்தைத் தவிர என்ன தெரியும்?" என்றார். அந்தச் சொல் இன்றும் வலிக்கிறது. அதற்கு முந்தைய கார்த்திகை மழையில், தூர்வாரப்படாத வாய்க்கால் நிரம்பி என் கடைக்குள் வெள்ளம் புகுந்து, 40 சீமெந்துப் பைகள் கல்லாய் இறுகிப்போயின. ஆண்டு தவறாமல் ஆதனவரி கட்டிய பற்றுச்சீட்டுகளுடன் நான்கு முறை முறையிட்டும் ஒருவரும் வந்து பார்க்கவில்லை. அந்த வாய்க்காலைத் துப்புரவாக்க எத்தனை ஆட்கள், எத்தனை நாட்கள், எவ்வளவு செலவு என்பதை அன்றிரவே கணக்கிட்டு வைத்திருந்தேன்.

ஆயினும் நான் நிற்கவில்லை. குழாயும் கம்பியும் விற்பவன் சபையில் அமர்ந்தால் சபையின் கொள்வனவுகளில் ஐயம் எழும். சேம்பர்லினைப்போல் தொழிலைக் கைவிட என்னால் இயலவில்லை. மூன்று தொழிலாளர் குடும்பங்கள் இக்கடையை நம்பியிருக்கின்றன. மகளும் அப்போது படித்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து, இதையே சொல்லி அனுப்பினேன்.