வரிப்பணமும் அமைச்சரின் கையும்

கேள்வி: மக்களின் வரிப்பணத்தில் இயங்கிக்கொண்டே, அரசாங்கம் தலையிடக் கூடாது என்று பல்கலைக்கழகங்கள் சொல்வது எந்த வகையில் நியாயம்?
- வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: பணம் மக்களுடையது என்ற வரையில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அடுத்த அடியிலேயே மக்களின் இடத்தில் அமைச்சரை இருத்திவிடுகிறீர்கள். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பாராளுமன்றம் ஒதுக்கும் நிதியைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பங்கிடுகிறது; செலவைக் கணக்காய்வாளர் நாயகம் ஆராய்கிறார்; அரச நிறுவனங்களை விசாரிக்கும் பாராளுமன்றக் குழுவான கோப் குழு துணைவேந்தரை அழைத்து விசாரிக்கிறது. இவற்றுக்குப் பதில் சொல்ல மறுக்கும் பல்கலைக்கழகத்தைக் கண்டிக்க நானும் உங்களோடு நிற்பேன். சுயாதீனம் என்பது வேறு. எதைக் கற்பிப்பது, எவருக்குச் சித்தி வழங்குவது என்பவை பல்கலைக்கழகத்தின் உயர் கல்விச் சபையான மூதவையின் பொறுப்பு. இறுதியாண்டு மாணவி ஒருத்தியின் விடைத்தாளில் பெயர் இராது, சுட்டெண் மட்டுமே இருக்கும்; ஒருவர் திருத்தியதை இன்னொருவர் பார்த்த பிறகே புள்ளிகள் பரீட்சகர் சபைக்குப் போகின்றன. அந்த மேசைக்கு அமைச்சிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வரலாம் என்றாகிவிட்டால், அவள் பெறும் பட்டத்தை யார் மதிப்பார்கள்?

இன்னொன்று. தலையீடே இல்லை என்று நீங்கள் நினைப்பது தவறு. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தையும் அதன் திருத்தங்களையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஆணைக்குழுவின் உறுப்பினர்களை ஜனாதிபதி நியமிக்கிறார். பல்கலைக்கழகத்தின் ஆளும் சபையான பேரவையில் துணைவேந்தர், பீடாதிபதிகள், மூதவையின் பிரதிநிதிகள் ஆகியோரின் தொகையைவிட, ஆணைக்குழு வெளியிலிருந்து நியமிப்பவர்களின் தொகை ஒன்று கூடுதலாக இருக்கும். அந்தப் பேரவை விதந்துரைக்கும் மூன்று பெயர்கள் ஆணைக்குழு வழியாக மீண்டும் ஜனாதிபதியிடமே செல்ல, அவர் அவற்றுள் ஒருவரை மூன்று ஆண்டுகளுக்குத் துணைவேந்தராக நியமிக்கிறார். தொடங்கிய கையிலேயே வந்து முடிகிற இந்தச் சுற்றில், அரசாங்கத்தின் பிடி தளர்ந்திருப்பதாக எப்படிச் சொல்வது?

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோதும் அதைத் தாங்கியது அரச பணம்தான்; ஆயினும் முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் அதை ஒரு திணைக்களமாக நடத்தவில்லை. ஆகவே, வரி கட்டுபவர் என்ற உரிமையோடு நீங்கள் கேட்க வேண்டியது தலையீடு ஏன் குறைவு என்பதையல்ல: மூவரில் ஒருவரைத் தெரிந்தெடுத்ததற்கான காரணத்தை எழுத்தில் வெளியிடும் கடப்பாட்டைச் சட்டத்தில் சேர்க்குமாறு உங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள்.