இரண்டு பென் டிரைவ், ஒரே பெயர்

கேள்வி: தண்டையார்பேட்டையில் சின்னதாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன் சார். பள்ளி, கல்லூரி திறக்கும் சமயத்தில் இரண்டு மூன்று பேர் ஒன்றாகப் பென் டிரைவை நீட்டுகிறார்கள். செருகினால் எல்லாமே ‘யூஎஸ்பி டிரைவ்’. பக்கத்தில் இ, எஃப் என்று ஓர் எழுத்து, அதுவும் மாறிக்கொண்டே இருக்கிறது. எது யாருடையது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அந்த எழுத்தை நம்பாதீர்கள் அம்மா. அது வங்கியில் தரும் டோக்கன் மாதிரி, உங்கள் கம்ப்யூட்டர் அப்போதைக்குக் கொடுப்பது. ஏ, பி இரண்டும் அந்தக் கால ஃபிளாப்பிக்கு ஒதுக்கியவை. சி, விண்டோஸ் இருக்கும் டிஸ்க். அதற்கப்புறம் எது காலியோ அது புதிதாக வரும் பென் டிரைவுக்குப் போகும்.

பென் டிரைவுக்கே சொந்தமானது லேபிள், அதாவது டிரைவுக்கு நாம் வைக்கும் பெயர். அது டிரைவுக்குள்ளேயே பதிவாகியிருப்பதால் எங்கே செருகினாலும் கூடவே வரும். லேபிள் காலியாக இருந்தால்தான் விண்டோஸ் தானாக ‘யூஎஸ்பி டிரைவ்’ என்கிறது. பழைய பதிப்புகளில் ‘ரிமூவபிள் டிஸ்க்’.

முதலில் உங்கள் கடை டிரைவுக்குப் பெயர் வையுங்கள். ரைட் கிளிக், ரீநேம், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது. ஃபேட்32, எக்ஸ்ஃபேட் என்பவை டிரைவில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைகள். ஃபேட்32 வகை டிரைவில் 11 எழுத்துதான் கொள்ளும், ஆங்கிலத்திலேயே வையுங்கள். எக்ஸ்ஃபேட்டில் தமிழும் வரும். ஆனால் அங்கேயும் 11தான். ஐகாரக் குறி தனிக் கணக்கு என்பதால் ‘கடை’ என்று எழுதினாலே 3 போய்விடும். அப்புறம், விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் அந்த டிரைவுக்கு எஸ் (S), டி (T) போல கடைசிப் பக்கத்து எழுத்து ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். விண்டோஸ் அதை நினைவில் வைத்துக்கொள்ளும், வாடிக்கையாளர் டிரைவோடு மோதாது.

வாடிக்கையாளர் டிரைவின் பெயரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம், அது அவர்கள் பொருள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் செருகுங்கள். பிரிண்ட் முடிந்ததும் எஜெக்ட் கொடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்ததை வாங்குங்கள். கூட்டம் நெருக்கினாலும் இதை விடாதீர்கள். ராயபுரத்தில் என் சர்வீஸ் மேஜைக்கு ரெக்கவரிக்காக வருகிறவர்களில் பலர், பெயரில்லாத இரண்டு டிரைவில் தப்பானதை ஃபார்மட் செய்தவர்கள்தான். கல்யாண போட்டோ, பிள்ளையின் புராஜெக்ட் என்று வேறெங்கும் பிரதி இல்லாதவை போயிருக்கும். எல்லாவற்றையும் மீட்டுத் தர முடிவதில்லை, அது எனக்கு இன்றும் வருத்தம்.

கேள்வி: அண்ணனுக்குக் கிடைத்த அரசு இலவச லேப்டாப்பில் பாஸ் (BOSS) லினக்ஸ் என்ற இயங்குதளம் இருக்கிறது. அதில் என் பென் டிரைவ் ‘16 ஜிபி வால்யூம்’ என்று வருகிறது, விண்டோஸில் 14.9 ஜிபி என்கிறது. 1 ஜிபி எங்கே போனது?
– ஒரு கல்லூரி மாணவர், வியாசர்பாடி

பதில்: எங்கும் போகவில்லை தம்பி. டிரைவ் செய்கிறவர்களும் உங்கள் லினக்ஸும் 1 ஜிபி என்றால் 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1024 × 1024 × 1024 என்று பெருக்கி, 107 கோடிக்கும் சற்று மேலாக எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் எண் சிறுத்துத் தெரிகிறது. லினக்ஸில் டிரைவ் எழுத்தே கிடையாது. லேபிள் இருந்தால் அதைக் காட்டும், இல்லையென்றால் அளவைச் சொல்லும். ஒரு பெயர் வைத்துவிடுங்கள், இரண்டிலும் அதே பெயரில் வரும்.