எலும்புக்கு விலை பேசாதீர்கள்: புனித தேவசகாயம் திருவிழா குறித்து ஒரு வாசகருக்கு

கேள்வி: எங்கள் கிளைப்பங்கில் புனித தேவசகாயம் பெயரில் சிற்றாலயம் கட்டியிருக்கிறோம். அவருடைய நாளான ஜனவரி 14 போகியோடோ பொங்கலோடோ சேர்ந்து வருவதால், அன்று பங்குத்தந்தைக்கு மற்ற கிளைகளிலும் திருப்பலி இருக்கிறது. திருவிழாவை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றலாமா? மேலும், புனிதரின் எலும்புத் துணுக்கு ஒன்றை 2014ஆம் ஆண்டு தேதியிட்ட லத்தீன் சான்றிதழோடு தருவதாக ஒருவர் சொல்லி, 40,000 ரூபாய் ‘காணிக்கை’ கேட்கிறார். விழாக் குழுவினர் 5,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டார்கள். வாங்கலாமா?

பதில்: தேதியை மாற்றலாம். எலும்பை வாங்கக் கூடாது.

தேதியை முதலில் பார்ப்போம். ஞாயிறு ஆண்டவருடைய நாள் என்பதால், பொதுவாக ஒரு புனிதரின் நினைவு ஞாயிறன்று வந்தால் அந்த ஆண்டு அது விடுபட்டுப் போகும். ஆனால் ஓர் ஆலயம் எந்தப் புனிதரின் பெயரைத் தாங்கியிருக்கிறதோ, அவருடைய நாள் அந்த ஆலயத்தில் மட்டும் பெருவிழாவாக, அதாவது திருவழிபாட்டில் மிக உயர்ந்த நிலை விழாவாக, உயர்கிறது. பெருவிழா பொதுக்கால ஞாயிற்றைவிட, அதாவது தவக்காலம் போன்ற சிறப்புக் காலங்களுக்கு வெளியே வரும் ஞாயிற்றைவிட, மேலானது. ஆகவே அது ஞாயிறன்று வந்தால் அன்றே கொண்டாடலாம். வார நாளில் வந்தால், மக்களின் ஆன்மிக நன்மையைக் கருதிப் பொதுக்கால ஞாயிறு ஒன்றுக்கு மாற்றிக்கொள்ளவும் திருவழிபாட்டு விதிகள் இடம் தருகின்றன. உங்களுக்கு வசதியாக, கிறிஸ்து பிறப்புக் காலத்தை முடித்துவைக்கும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா ஜனவரி 13க்குப் பிந்துவதே இல்லை. எனவே 14ஆம் தேதியும் அதையடுத்த ஞாயிறும் எப்போதும் பொதுக்காலத்திலேயே இருக்கும். இதே கேள்வியைப் புனித சூசையப்பர் ஆலயத்தார் மார்ச் 19ஐ வைத்துக் கேட்டிருந்தால், தவக்கால ஞாயிறு எந்தப் பெருவிழாவுக்கும் விட்டுக்கொடுக்காது என்று சொல்லி மறுத்திருப்பேன்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் கட்டடம் சட்டப்படி ஆலயமா, குருசடியா? ஆயர் அர்ச்சித்தோ அல்லது அவருடைய ஒப்புதலோடு மந்திரிக்கப்பட்டோ, புனிதரின் பெயர் முறையாகச் சூட்டப்பட்டு, பங்குப் பதிவேட்டில் ஆலயம் என்று எழுதப்பட்டிருந்தால் மேலே சொன்னது அப்படியே பொருந்தும். ஊரார் சேர்ந்து கட்டி, உள்ளே சுரூபம் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் திருப்பலி நடக்கும் குருசடியாக இருந்தால், எவ்வளவு பெரிய கோபுரம் இருந்தாலும் அதற்குப் பெருவிழா உரிமை கிடையாது. அப்போது ஞாயிறு திருப்பலியைப் புனிதரின் திருப்பலியாக மாற்ற ஆயரின் அனுமதி வேண்டும். தக்க காரணம் இருந்தால் பொதுக்கால ஞாயிற்றில் அவர் அதைத் தரலாம். சப்பரம் எடுப்பதாலோ, கொடிமரம் நட்டதாலோ குருசடி ஆலயமாகிவிடாது என்பதை விழாக் குழுவினருக்கு எத்தனை முறை சொன்னாலும் ஏறுவதில்லை. பதிவேட்டைப் பார்த்துச் சொல்லும்படி பங்குத்தந்தையைக் கேளுங்கள். கொடியேற்றம், நவநாள், சப்பரபவனி ஆகியவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடுகள் எதுவும் இல்லை. அவரோடு பேசி உங்கள் வசதிப்படி வைத்துக்கொள்ளலாம்.

இனி அந்த எலும்பு. நாற்பதாயிரம் என்றதும் எனக்குக் கவலை வந்தது. 2014 என்று படித்ததும் அது போலி என்பதில் சந்தேகமே இல்லாமல் போனது. தேவசகாயம் அருளாளராக உயர்த்தப்பட்டது 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில். புனிதராக அறிவிக்கப்பட்டது 2022 மே 15 அன்று வத்திக்கானில். 2014இல் எழுதப்பட்ட உண்மையான சான்றிதழ் அவரை ‘பெயாத்துஸ்’, அதாவது அருளாளர் என்றுதான் குறிப்பிட்டிருக்கும். நீங்கள் அனுப்பிய சான்றிதழின் படத்தில் ‘சாங்க்துஸ்’, அதாவது புனிதர் என்று தெளிவாக இருக்கிறது. எட்டு ஆண்டுகள் கழித்து நடக்கப்போவதை முன்கூட்டியே அறிந்த ஆயரகம் எதுவும் எனக்குத் தெரியாது.

எலும்பு வைத்திருக்கும் பேழையின் படத்தையும் பார்த்தேன். முறையான பேழை, முன்புறம் கண்ணாடி பதித்த சிறு உலோகக் கூடாக இருக்கும். அதன் பின்மூடியைத் திறந்தால் உள்ளே சிவப்பு நூல் குறுக்காகக் கட்டப்பட்டு, முடிச்சின் மேல் அரக்கு முத்திரை பதிந்திருக்கும். நூலை அறுக்காமலோ முத்திரையை உடைக்காமலோ உள்ளிருப்பதை எடுக்க முடியாது. உங்களுக்குக் காட்டப்பட்டதில் நூலும் இல்லை, அரக்கும் இல்லை. பின்புறம் பசைநாடா ஒட்டியிருக்கிறது.

போலியாக இல்லாவிட்டாலும் வாங்கக் கூடாது. புனிதர்களின் எலும்பு போன்ற திருப்பண்டங்களை விற்பதைத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1190ஆம் பிரிவு முற்றாகத் தடை செய்கிறது. 2017 டிசம்பரில் வத்திக்கான் வெளியிட்ட திருப்பண்டங்கள் பற்றிய அறிவுரை அந்தத் தடையை மீண்டும் வலியுறுத்துகிறது. தரகர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் ‘எலும்புக்கு விலை இல்லை, பேழைக்கும் அனுப்பும் செலவுக்கும் மட்டும்’ என்று பேசுகிறார்கள். பேழைக்கு ஆகும் செலவைப் பெற்றுக்கொள்வதில் தவறில்லைதான். ஆனால் கைப்பிடிக்குள் அடங்கும் பித்தளைக் கூடு ஒன்றுக்கு நாற்பதாயிரம் ஆகாது.

புனிதரின் கதையையும் நினைத்துப் பாருங்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அவருடைய உடல் காட்டில் எறியப்பட்டது. மக்கள் தேடியெடுத்த எலும்புகளே கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன. அந்த எலும்புகள் கோட்டாறு மறைமாவட்டத்தின் பொறுப்பில் இருப்பவை. அவற்றில் ஒரு துணுக்கு வேண்டுமானால் உங்கள் பங்குத்தந்தை உங்கள் ஆயருக்கு எழுத, அவர் கோட்டாறு ஆயருக்கு எழுத வேண்டும். பதில் விரைவில் வரும் என்று நான் வாக்களிக்க மாட்டேன். ஆயரகங்களில் ஒரு கடிதம் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்வதற்குள் ஒரு திருவிழா முடிந்து அடுத்ததும் வந்துவிடுகிறது. அந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். திருப்பண்டம் கேட்பது எப்படி என்று ஆயரகங்கள் அரைப்பக்கக் குறிப்பு ஒன்றை அச்சிட்டுப் பங்குகளுக்கு அனுப்பியிருந்தால் உங்கள் குழு இந்த ஆளிடம் போயிருக்காது.

திருப்பண்டம் இல்லாமல் திருவிழா நடக்குமா என்றும் உங்கள் குழுவில் ஒருவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக நடக்கும். பலிபீடத்தை அர்ச்சிக்கும் சடங்குமுறையே, நம்பகத்தன்மை ஐயத்துக்குரிய திருப்பண்டத்தைப் பீடத்தின் கீழ் வைப்பதைவிட ஒன்றும் வைக்காமல் அர்ச்சிப்பது நல்லது என்கிறது. பலிபீடத்துக்கே அப்படியென்றால், சப்பரத்தில் வைத்து ஊர்வலம் போவதற்கு ஒரு போலி எதற்கு? சிவப்புத் திருவுடையில் ஒரு திருப்பலியும், அந்த மறைசாட்சியைப் பற்றி நல்ல மறையுரை ஒன்றும் போதும்.

முன்பணத்தை எழுத்து மூலம் திரும்பக் கேளுங்கள். அவர் தர மறுத்தால், சான்றிதழின் படத்தையும் பணம் கொடுத்ததற்கான ஆதாரத்தையும் இணைத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். அதே படத்தின் ஒரு நகலைப் பங்குத்தந்தை வழியாக ஆயரகத்துக்கும் அனுப்பிவிடுங்கள். அந்த ஆள் அடுத்து எந்த ஊர் விழாக் குழுவைத் தேடிப் போவார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.