மாரடைப்புக்குப் பிறகு அப்பா ஒன்றும் கதைக்கிறார் இல்லை. இது குணமாவதைப் பாதிக்குமா?

கேள்வியில் உள்ள விவரம் இது: அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. மாரடைப்பு (அற்றாக்) வந்து, அடைத்த இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்து, வீட்டுக்கு வந்து ஐந்து கிழமை. எப்படி இருக்கிறது என்று கேட்டால் "ஒண்டும் இல்லை" என்பதுதான் பதில். கறியில் உப்பில்லை என்று அம்மாவோடு சத்தம் போடுகிறார். குளிசை ஒழுங்காகப் போடுகிறாரா என்பதும் தெரியவில்லை. வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

பாதிக்கும். ஆனால் அவர் கதைக்காமல் இருப்பதை மட்டும் பிரச்சினையாகப் பார்க்காதீர்கள். அந்த மௌனத்துக்குள் தன் வருத்தத்தைப் பற்றி அவர் ஒரு படம் கீறி வைத்திருக்கிறார். குளிசையைப் போடுவதா விடுவதா, எழும்பி நடப்பதா கதிரையிலேயே கிடப்பதா என்பதையெல்லாம் டொக்டர் எழுதிய துண்டைவிட அந்தப் படம்தான் கூடுதலாகத் தீர்மானிக்கிறது. அது என்னவென்று கேட்டறியாமல் சொல்கிற ஆறுதல் அவரிடம் போய்ச் சேராது.

எங்கள் ஊரில் வருத்தம் பார்க்க வருகிறவர்கள் தோடம்பழத்தையும் பிஸ்கற்றையும் மேசையில் வைத்துவிட்டுச் சொல்லும் முதல் வார்த்தை "யோசிக்காதேங்கோ". அன்பில் சொல்வதுதான். ஆனால் அதைக் கேட்டபின் "எனக்கு யோசனையாத்தான் இருக்கு" என்று சொல்ல அவருக்கு இடமில்லாமல் போகிறது. நாளுக்கு நாலு பேர் இதைச் சொன்னால் ஐந்தாவதாகக் கேட்கும் பிள்ளைக்கும் "ஒண்டும் இல்லை" என்றுதான் பதில் வரும்.

ஹவார்ட் லெவந்தால் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் இந்த மனப்படத்தைப் பல வருடங்கள் ஆராய்ந்தார்கள். வருத்தம் வந்த எவரும் ஐந்து விஷயத்துக்குத் தாமாகவே ஒரு விடை வைத்திருப்பார்: இது என்ன வருத்தம், எதனால் வந்தது, எவ்வளவு காலத்துக்கு இருக்கும், என்னிடமிருந்து எதையெல்லாம் பறிக்கும், எதனால் கட்டுப்படும். இதில் எந்த விடை பிழைத்தாலும் அதற்கேற்ற பிழையான நடத்தை ஒன்று வரும்.

கால விடையைப் பாருங்கள். அற்றாக் என்பது வந்து போன ஒரு காய்ச்சல் மாதிரி என்று நினைப்பவர், நெஞ்சுநோ நின்றதும் குளிசையையும் நிறுத்துவார். ஸ்டென்ட் வைத்தவர் அஸ்பிரினையும் குளோபிடோகிரலையும் தானாக நிறுத்தினால் அந்தக் குழாயிலேயே இரத்தம் கட்டிக்கொள்ளலாம், அது உயிராபத்து. காரண விடையில் நம்மவர்கள் அதிகம் சொல்வது "யோசனையாலதான் வந்தது". மன அழுத்தத்துக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முழுப் பழியையும் யோசனை மேல் போட்டால் சிகரெட், பிரஷர், சீனி, கொழுப்பு நாலும் தப்பிவிடுகின்றன. கூடவே வீட்டில் உள்ள ஒருவர் மேல் குற்றமும் விழுகிறது: மகளின் கலியாணம், மகனின் வெளிநாட்டுக் கடன் என்று. "என்னாலதான் அப்பாவுக்கு வந்தது" என்று உள்ளுக்குள் நொந்துகொண்டிருக்கும் பிள்ளைகள் பல வீடுகளில் இருக்கிறார்கள்.

பிரஷர் விஷயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1985இல் லெவந்தாலும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், பிரஷர் கூடுவதை ஆட்களால் உணர முடியாது என்று ஒத்துக்கொண்ட நோயாளிகளிலேயே பெரும்பாலானோர், தங்களுக்கு மட்டும் அது தெரிகிறது என்று நம்பினார்கள். தலையிடித்த நாளில் குளிசை, இடிக்காத நாளில் இல்லை என்ற பழக்கம் அங்கிருந்துதான் வருகிறது.

மனப்படத்தை மாற்றினால் பலன் உண்டா? நியூசிலாந்தின் ஒக்லாந்தில் கீத் பெட்ரி குழுவினர் இதைச் சோதித்து 2002இல் வெளியிட்டார்கள். முதல் அற்றாக் வந்தவர்களோடு, அவர்கள் வாட்டில் இருக்கும்போதே மூன்று தடவை உட்கார்ந்து கதைத்தார்கள். அவரவர் நம்பிக்கையைக் கேட்டு, பிழையைத் திருத்தி, வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்று அவர்களோடு சேர்ந்தே திட்டம் போட்டார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களைவிட இவர்கள் வேகமாக வேலைக்குத் திரும்பினார்கள். மூன்று மாதத்தில் நெஞ்சுநோவும் குறைவாக இருந்தது. அதே குழுவின் 2004ஆம் ஆண்டு ஆய்வில், நோயாளிகளைத் தங்கள் இதயத்தை ஒரு தாளில் கீறச் சொன்னார்கள். இதயம் சேதப்பட்டதாகக் கீறியவர்கள் வேலைக்குத் திரும்பப் பிந்தினார்கள். யார் எப்போது திரும்புவார் என்பதை, இரத்தத்தில் சேதத்தை அளக்கும் டிரொபோனின் சோதனையைவிட அந்தப் படம் சரியாகக் காட்டியது.

இதை நீங்களும் வீட்டில் செய்யலாம். ஒரு கொப்பித் தாளும் பென்சிலும் போதும். "அப்பா, உங்கட இதயம் இப்ப எப்பிடி இருக்குமெண்டு நினைக்கிறீங்கள்? ஒருக்கா கீறிக் காட்டுங்கோ." பாதியைக் கறுப்பாக்கினால், அல்லது நடுவில் கீறிப் பிளந்தால், அவர் ஏன் கதிரையை விட்டு எழும்புகிறார் இல்லை என்பது விளங்கிவிடும். அப்போது சொல்ல வேண்டியது: சேதப்பட்ட தசை சில கிழமைகளில் தழும்பாக இறுகுகிறது, மற்றப் பகுதி வேலை செய்கிறது, நடந்தால் அது கிழியாது. டொக்டர் நடக்கச் சொல்லியிருந்தால் சமதரையில் 5 அல்லது 10 நிமிடம், நாளுக்கு இரண்டு தரம் தொடங்கி, சில நாளுக்கொருமுறை ஓரிரு நிமிடம் கூட்டுவது வழக்கம். நடக்கும்போது கதைக்க முடிய வேண்டும். மூச்சு வாங்கிக் கதை நின்றால் வேகம் கூடிவிட்டது.

கீறச் சொன்னால் கோபப்படுகிற ஆள் என்றால் கேள்வியாகவே கேளுங்கள். "டொக்டர் சொன்னதில உங்களுக்கு என்ன விளங்கினது?" "ஏன் வந்ததெண்டு நினைக்கிறீங்கள்?" "இனி என்ன செய்ய ஏலாமப் போயிடுமெண்டு பயமா இருக்கு?" ஒரு நாளைக்கு ஒன்று போதும். மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டால் விசாரணை ஆகிவிடும்.

எப்போது, எங்கே கேட்பது என்பது கேள்வியைப் போலவே முக்கியம். நேருக்கு நேர் உட்கார்ந்து கண்ணைப் பார்த்துக் கேட்டால் நம்மூர் அப்பாமார் பூட்டிக்கொள்வார்கள். கிளினிக்கால் ஓட்டோவில் திரும்பும்போது, பின்னேரம் மரங்களுக்குத் தண்ணி விடும்போது, விறாந்தையில் பேப்பர் பார்க்கும்போது, பக்கத்தில் இருந்து கேளுங்கள். கேட்டபின் குறைந்தது பத்து வினாடி பொறுங்கள். இங்கேதான் பெரும்பாலும் பிழைக்கிறது: அம்மா குறுக்கே வந்து அவருக்காகப் பதில் சொல்வார், அல்லது நீங்களே "அப்பிடி இல்லை அப்பா" என்று உடனே திருத்துவீர்கள். அவர் சொன்னதை முதலில் அவர் வார்த்தையிலேயே திருப்பிச் சொல்லுங்கள். திருத்தம் அடுத்த நாள் வரட்டும். கனடாவிலிருந்து மகன் வீடியோவில் வந்து எல்லோர் முன்னாலும் புத்தி சொல்வதும் இதே பிழைதான். மகனிடம் அப்பாவோடு தனியாக, கிரிக்கெட்டைப் பற்றியாவது கதைக்கச் சொல்லுங்கள்.

குளிசை விஷயத்தில் திட்டுவதற்கு முன் ஒரு காரணத்தைத் தேடுங்கள். பிரஷருக்கும் இதயத்துக்கும் தரும் எனலாபிரில் போன்ற குளிசைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். அதைப் புது வருத்தம் என்றோ நுரையீரல் பழுதென்றோ நினைத்து, ஒருவருக்கும் சொல்லாமல் நிறுத்திவிடுவார்கள். டொக்டரிடம் சொன்னால் லொசாட்டன் போன்ற வேறொன்றுக்கு மாற்றலாம். எந்தக் குளிசையை விட்டார் என்று கேட்பதைவிட, எந்தக் குளிசை ஒத்துவரவில்லை என்று கேட்டால் உண்மை வரும்.

இனி உப்புச் சண்டை. ஆண்களின் கவலை பல நேரம் கோபமாகத்தான் வெளியே வரும். வீட்டுப் பொறுப்பைச் சுமந்தவர் இப்போது கறியில் எவ்வளவு உப்பு என்பதைக்கூடத் தீர்மானிக்க முடியாமல் இருக்கிறார். உப்பைக் கூட்டத் தேவையில்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கருவாட்டிலும் ஊறுகாயிலும் உள்ளது அதற்குள்ளேயே அடங்கும். வேறு ஏதாவது தீர்மானத்தை அவர் கையில் கொடுங்கள்: சந்தைக் கணக்கு, கரண்ட் பில், மதிலுக்குப் பூசும் வேலை. "எல்லாத்தையும் நாங்கள் பாக்கிறம், நீங்கள் சும்மா இருங்கோ" என்பது அவரை இன்னும் கீழே தள்ளும்.

உணர்ச்சியைச் சொல்ல நம்மவர்களுக்கு உடம்பின் மொழிதான் இலகு. நெஞ்சு அடைக்குது, உடம்பெல்லாம் உளைவு, தலை விறைக்குது, பெருமூச்சு வருகுது. இது நடிப்பல்ல. ஆனால் இதய நோயாளி நெஞ்சைச் சொன்னால் மனதைப் பற்றிய பேச்சு பிறகு. இருத்துங்கள், டொக்டர் தந்திருந்தால் நாக்குக்குக் கீழ் வைக்கும் குளிசை ஒன்றை வையுங்கள், 5 நிமிடத்தில் நோ போகாவிட்டால் 1990 அம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள். சீனி வருத்தம் உள்ளவருக்கு நோ இல்லாமல் வியர்வையும் களைப்புமாக மட்டுமே அற்றாக் வரக்கூடும்.

கதைக்க மாட்டார், ஆனால் எழுதுவார் என்றால் ஒரு வழி இருக்கிறது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986இல் தொடங்கிய முறை: அடுத்தடுத்து மூன்று அல்லது நாலு நாள், நாளுக்கு 15 முதல் 20 நிமிடம், மனதை அரிக்கும் ஒரே விஷயத்தை எழுத்துப்பிழை பாராமல் எழுதுவது. ஒருவரும் வாசிக்கக் கூடாது. பிறகு கிழித்துப் போடலாம். எழுதி முடித்ததும் மனம் பாரமாகும். சில மணித்தியாலத்தில் இறங்கும். அதனால் படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம். தாங்காது என்று தோன்றினால் அந்த விஷயத்தை விட்டு வேறொன்றை எழுதலாம். ஆஸ்துமா அல்லது மூட்டுவாதம் உள்ளவர்களிடம் 1999இல் வெளியான ஆய்வில் நாலு மாதத்துக்குப் பிறகும் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் எல்லா ஆய்வையும் சேர்த்துப் பார்த்தால் பலன் சிறியது. மருந்துக்குப் பதிலாக இதை எண்ண வேண்டாம். கண் பார்வை குறைந்தவர் போனில் குரலைப் பதிந்து அழிக்கலாம். நடந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லிப் புலம்புவது வேறு. அதில் மனம் உழல்கிறதே தவிர இறங்குவதில்லை. "அதுக்குப் பிறகு என்ன நடந்தது, இப்ப அதை எப்பிடிப் பாக்கிறீங்கள்" என்று ஒரு அடி நகர்த்திவிடுங்கள்.

தோண்டவும் கூடாது. 1995 இடப்பெயர்வையும் 2009 இறுதி யுத்தத்தையும் கடந்து வந்தவர்களுக்கு, ஆஸ்பத்திரிச் சத்தமும் இரத்தமும் வேறு நினைவுகளைக் கிளப்பலாம். கட்டாயப்படுத்தி ஒரே இருப்பில் கொட்டவைப்பது உதவுவதில்லை; சிலருக்குத் தீங்கும் செய்கிறது. அவர் நிறுத்திய இடத்தில் நீங்களும் நிறுத்துங்கள்.

செல்வச்சந்நிதிக்கு நேர்த்தி வைப்பதையும் நல்லூருக்குப் போக ஆசைப்படுவதையும் தடுக்காதீர்கள். நேர்த்தியும் ஒரு பிடிமானம்தான். "முருகன் பாத்துக்கொள்ளுவார்" என்பது குளிசையோடு சேர்ந்து வந்தால் நல்லது. குளிசைக்குப் பதிலாக வந்தால்தான் கதைக்க வேண்டும். விரதம் பிடிப்பவர் சீனிக்கு கிளிக்லசைட் போன்ற குளிசையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், கந்தசஷ்டி தொடங்க முன்பே அளவை மாற்ற வேண்டுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். சாப்பிடாமல் அதே அளவு போட்டால் சீனி ஆபத்தாக இறங்கும்.

"தைரியமா இருந்தாத்தான் தப்பலாம்" என்று சொல்வதையும் தயவுசெய்து விடுங்கள். தெல்லிப்பழைக்குப் புற்றுநோய் சிகிச்சைக்குப் போகிறவர்களிடம் இதை அதிகம் சொல்கிறார்கள். போராடும் மனநிலை ஆயுளைக் கூட்டும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. அழுத ஒவ்வொரு நாளும் தன் வருத்தத்தைத் தானே கூட்டிவிட்டேன் என்று அவர்களை நினைக்க வைப்பது பெரிய கொடுமை.

அற்றாக் வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மருத்துவம் தேவைப்படும் மனச்சோர்வு வருகிறது. இரண்டு கிழமைக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில், ஒன்றிலும் விருப்பமில்லை, விடியப்புறம் மூன்று மணிக்கே விழிப்பு, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அது வெறும் கவலை அல்ல. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் உளமருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. "நான் போனால் உங்களுக்குச் சுகம்" என்ற மாதிரிக் கதை வந்தால், சாகிற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் முளைக்காது. தோட்டத்துக் கிருமிநாசினியையும் மிஞ்சிய குளிசைகளையும் பூட்டி வையுங்கள், ஆளைத் தனியே விடாதீர்கள். 1926 தேசிய மனநல உதவி எண், எந்த நேரமும் அழைக்கலாம்.

அடுத்த கிளினிக்குக்குப் போக முன் ஒரு வேலை. டொக்டருக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். "எப்பிடி ஐயா" என்றால் "பரவாயில்லை" என்று சொல்லி எழும்பிவிடுவார். முதல் நாள் இரவு இரண்டு மூன்று கேள்வியை அவர் கையாலேயே ஒரு துண்டில் எழுதச் சொல்லுங்கள். சைக்கிள் ஓடலாமா, மண்வெட்டி பிடிக்கலாமா, அம்மாவோடு சேர்ந்திருக்கலாமா. கடைசிக் கேள்வியைப் பிள்ளைகள் முன் கேட்க மாட்டார், அதனால் உள்ளே போகும்போது நீங்கள் வெளி வாங்கில் இருங்கள். துண்டை அம்மாவின் கைப்பையில் வைக்காமல் அவருடைய சேட் பொக்கற்றிலேயே வையுங்கள்.