நியூயார்க் நகர ஒப்பந்தம்: பில் என் பெயரில், வேலை அவர்கள் ஆட்கள் கையில்

கேள்வி: திருச்சியில் சிவில் இன்ஜினீயரிங் படித்துவிட்டு, கிரீன் கார்டு பெற்று நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் வசித்து வருகிறேன். எட்டு ஆட்களுடன் பெயின்டிங், டைல்ஸ் வேலை செய்யும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். 60 சதவீதப் பங்கு எனக்கு, 40 சதவீதம் என் கணவருக்கு. வேலையிடத்துக்கு நானே போய் டைல்ஸ் அளவு எடுக்கிறேன்; காசோலைகளில் கையெழுத்திடுவதும் டெண்டர் விலை போடுவதும் கணவர். நகர அரசிடம் சிறுபான்மையினர் நிறுவனம், பெண்கள் நிறுவனம் என்ற இரண்டு சான்றிதழ்களும் பெற்றிருக்கிறேன். நகர நூலகக் கட்டடம் ஒன்றைப் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தை எடுத்த பெரிய நிறுவனம், டெண்டருக்கு முன் என்னிடம் விலைப்புள்ளி வாங்கியது; 4,20,000 டாலர் வேலை தருவதாக வாய்மொழியாகச் சொன்னது. டெண்டர் கிடைத்த பிறகு 60,000 டாலருக்கு மட்டுமே எழுத்து ஒப்பந்தம் போட்டது. அதில் நான் முடித்த 22,000 டாலர் வேலைக்கு நான்கு மாதமாகப் பணம் வரவில்லை. இதற்கிடையே, "மீதி வேலையை எங்கள் ஆட்களே செய்துவிடுவார்கள், நீங்கள் பில் மட்டும் போடுங்கள், நான்கு சதவீதம் உங்களுக்கு" என்கிறார்கள். ஒருமுறை 38,000 டாலருக்கு அப்படிப் பில் போட்டு, 1,520 டாலரை வைத்துக்கொண்டு மீதியை 'உபகரண வாடகை' என்று காசோலையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எல்லாரும் செய்வதுதான் என்கிறார்கள். இது தவறா? சான்றிதழ் போய்விடுமா? என் 22,000 டாலரை எப்படி வாங்குவது? இந்தத் திட்டமே நீதிமன்றத்தில் விழுந்துவிடாதா என்று கணவர் கேட்கிறார். கடைசியாக, சுரங்க ரயில் நிலைய வேலை ஒன்றுக்கும் இதே சான்றிதழ்கள் செல்லுமா?

பதில்: சகோதரி, முதலில் இரண்டாவது பில்லில் கையெழுத்திடாதீர்கள். மற்ற எதையும் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம், இது மட்டும் இன்றைக்கே எடுக்க வேண்டிய முடிவு.

அவர்கள் உங்களிடம் கேட்பதற்கு நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பெயர் ஒன்று உண்டு: பினாமி. நியூயார்க் நகர நிர்வாகச் சட்டத் தொகுப்பின் 6-129 ஆம் பிரிவின்படி, நகர ஒப்பந்தங்களில் ஒரு பங்கு சிறுபான்மையினரும் பெண்களும் நடத்தும் நிறுவனங்களுக்குச் செல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் இலக்கு நிர்ணயிக்கப்படுகிறது. 2005 ஆம் ஆண்டின் உள்ளூர்ச் சட்டம் 129 இதைத் தொடங்கி வைத்தது. 10 லட்சம் டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களுக்கு இலக்கு கிடையாது என்றிருந்த வரம்பை 2013 ஆம் ஆண்டின் உள்ளூர்ச் சட்டம் 1 நீக்கியது. அந்த இலக்கில் சேர்த்துக்கொள்ளப்படும் ஒவ்வொரு டாலரும், சான்றிதழ் பெற்ற நிறுவனம் உண்மையில் செய்த வேலைக்கான டாலராக இருக்க வேண்டும். ஆட்களை வேலைக்கு வைப்பதும், வேலையை மேற்பார்வை பார்ப்பதும், பொருளுக்கு விலை பேசி ஆர்டர் கொடுப்பதும், நஷ்டம் வந்தால் தாங்குவதும் நீங்களாக இருந்தால் அது உங்கள் வேலை. உங்கள் பெயர் பில்லின் தலைப்பில் மட்டும் இருந்தால், நகர அரசுக்குப் பொய்யான பதிவு ஒன்றைத் தருகிறீர்கள் என்பதே சட்டத்தின் பார்வை.

'எல்லாரும் செய்வதுதான்' என்பவர்களுக்கு பென்சில்வேனியா வழக்கு ஒன்றைச் சொல்லுங்கள். பாலங்களுக்கான கான்கிரீட் உத்தரங்கள் தயாரித்த ஸ்கூல்கில் ப்ராடக்ட்ஸ் என்ற நிறுவனம், பின்தங்கிய நிறுவனம் (சமூக, பொருளாதார ரீதியில் பின்தங்கியவர்கள் நடத்துவது) என்று சான்றிதழ் பெற்றிருந்த மரிகினா என்ற கனெக்டிகட் நிறுவனத்தின் பெயரில் 15 ஆண்டுகளுக்கு மேல் வேலை எடுத்தது. வேலையை எடுத்ததும் செய்ததும் லாபத்தை எடுத்துக்கொண்டதும் ஸ்கூல்கில்தான். மரிகினாவுக்குக் கிடைத்தது ஒரு நிர்ணயித்த சிறு தொகை. ஸ்கூல்கில் ஊழியர்கள் மரிகினாவின் விசிட்டிங் கார்டையும் கடிதத் தாளையும் மின்னஞ்சல் முகவரியையும் கையெழுத்து முத்திரையையும் பயன்படுத்தினார்கள். வேலையிடத்துக்கு வரும் வண்டிகளில் தங்கள் நிறுவனச் சின்னத்தை மறைக்க, மரிகினா பெயர் போட்ட காந்தத் தகடுகளைக் கதவில் ஒட்டிக்கொண்டார்கள். அப்படிக் கைமாறிய ஒப்பந்தங்களின் மதிப்பு சுமார் 13 கோடியே 60 லட்சம் டாலர். பெரிய நிறுவனத்தின் தலைவர் 2012 இல் ஜூரி குழுவால் குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டார். நீங்கள் கவனிக்க வேண்டியது, சிறு தொகை வாங்கிக்கொண்டு பெயரைக் கொடுத்த மரிகினா உரிமையாளரும் குற்றத்தை ஒப்புக்கொள்ள நேர்ந்தது என்பதுதான். அது கூட்டாட்சி நிதியில் நடந்த வேலை. உங்களுடையது நகர நிதி. ஆனால், ஏமாற்று என்று அவர்கள் மேல் சுமத்தப்பட்ட செயலும், இப்போது உங்களிடம் கேட்கப்படும் செயலும் ஒன்றே.

நியூயார்க் மாநிலத் தண்டனைச் சட்டம் 175.35, ஏமாற்றும் நோக்குடன் பொய் ஆவணத்தை அரசு அலுவலகத்தில் தாக்கல் செய்வதை நான்கு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. மின்னஞ்சலிலோ வங்கிப் பரிமாற்றத்திலோ நடந்த ஏமாற்றுக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் 20 ஆண்டுகள் வரை தண்டனை உண்டு. நகர அரசின் பொய்க் கோரிக்கைச் சட்டம் இழப்பைப் போல மும்மடங்கு கேட்க வழி தருகிறது. இன்னொன்றையும் மறக்க வேண்டாம். நகரக் கட்டுமான வேலையில் தொழிலாளர் சட்டம் 220 ஆம் பிரிவின்படி நிர்ணயிக்கப்பட்ட கூலி கொடுத்து, சம்பளப் பட்டியலுக்கு உறுதிமொழியுடன் சான்று தர வேண்டும். அவர்கள் ஆட்கள் செய்த வேலைக்கு நீங்கள் பில் போட்டால், அந்த வாரத்துச் சம்பளப் பட்டியலில் யார் பெயரை எழுதுவீர்கள்? விசாரணை அதிகாரி முதலில் கேட்கும் தாள் அதுதான். அடுத்ததாக, சுவருக்கு ப்ரைமர் அடித்துக்கொண்டிருக்கும் தொழிலாளியிடம் போய், "உங்கள் சம்பளக் காசோலையில் எந்தக் கம்பெனி பெயர் இருக்கிறது?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியில் முடிந்துபோன வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஏற்கெனவே போட்ட 38,000 டாலர் பில்லைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் விரிவாக எழுதுவது உங்களுக்கு நல்லதல்ல. குற்றவியல் வழக்குகள் நடத்தும் ஒரு வழக்கறிஞரை இந்த வாரமே தனியாகச் சந்தியுங்கள். அவரிடம் நீங்கள் பேசுவதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. என் வாசகர்களிடம் பேசுவதற்கு இல்லை. அதுவரை ஒரு மின்னஞ்சலையும் வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காதீர்கள், பழைய தேதியிட்டு எதையும் திருத்தி எழுதாதீர்கள், அந்த நிறுவனத்தாருடன் 'இனி என்ன சொல்வது' என்று கூடிப் பேசாதீர்கள். நகரப் புலனாய்வுத் துறை அழைத்துக் கேட்கும் முன் தானாக முன்வந்து சொல்வதா, எந்த வடிவில் சொல்வதா என்பதை அந்த வழக்கறிஞர் முடிவு செய்யட்டும். பயந்து கேட்டிருக்கிறீர்கள் என்பது உங்கள் கடிதத்தில் தெரிகிறது. முதல் பில்லோடு நிறுத்திக்கொண்டவரின் நிலையும், இருபது பில்லுக்குப் பிறகு மாட்டிக்கொண்டவரின் நிலையும் ஒன்றல்ல என்பதை மட்டும் இங்கே உறுதியாகச் சொல்ல முடியும்.

4,20,000 டாலர் வாக்குறுதியைப் பொறுத்தவரை உங்களுக்கு உவப்பான பதில் என்னிடம் இல்லை. முதன்மை ஒப்பந்ததாரர் உங்கள் விலையைத் தன் டெண்டரில் பயன்படுத்திக்கொண்டார் என்பதால் மட்டும் உங்களுக்கும் அவருக்கும் இடையே ஒப்பந்தம் பிறந்துவிடாது. நகர விதிகளின்படி, டெண்டருடன் தரும் பங்கேற்புத் திட்டத்தில் எத்தனை சதவீதம், என்ன வகை வேலை என்றுதான் சொல்ல வேண்டும். யாருக்குத் தரப்போகிறோம் என்ற பெயர்ப் பட்டியல் பின்னால்தான் வரும். ஆகவே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் போயிருக்கிறதா, எந்தத் தொகைக்குப் போயிருக்கிறது என்பதே. ஒப்பந்ததாரர்கள் தங்கள் துணை ஒப்பந்ததாரர்களையும் அவர்களுக்குக் கொடுத்த தொகையையும் நகரத்தின் இணைய வாயிலில் பதிய வேண்டும். 4,20,000 என்று பதிந்துவிட்டு உங்களுக்கு 60,000 கொடுத்திருந்தால், சொன்ன சொல்லை மீறினார்கள் என்பதைத் தாண்டி, அரசிடமே பொய் சொல்லியிருக்கிறார்கள் என்றாகிறது.

நகரத் துறை ஒவ்வொன்றிலும் இந்தத் திட்டத்துக்கென்று ஓர் அதிகாரி இருக்கிறார். உங்கள் குற்றவியல் வழக்கறிஞர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு, அந்த அதிகாரிக்கு எழுதுங்கள். இலக்கை எட்டாத ஒப்பந்ததாரரிடம் நகரம் பணத்தை நிறுத்திவைக்கலாம், ஒப்பந்தத்தை முறிக்கலாம், கொடுத்திருக்க வேண்டிய தொகைக்கும் கொடுத்த தொகைக்கும் உள்ள வித்தியாசத்தில் 10 சதவீதத்தை இழப்பீடாகப் பெறலாம். அந்த இழப்பீடு நகரக் கருவூலத்துக்குப் போகும், உங்கள் கைக்கு வராது. சட்டத்தில் இது ஒரு குறை என்றே நான் கருதுகிறேன். வாக்குறுதியை நம்பி வேறு வேலையை விட்டவருக்கு இந்தப் பிரிவில் ஒரு டாலர்கூட ஒதுக்கப்படவில்லை. அதனால்தான் என்னிடம் வருகிறவர்களிடம், உங்கள் வேலையின் அளவையும் விலையையும் எழுதிக் கையெழுத்து வாங்காமல் டெண்டருக்கு விலைப்புள்ளி தராதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

22,000 டாலர் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் வலுவாகவே நிற்கிறது. பொது நகராட்சிச் சட்டம் 106-பி பிரிவின்படி, நகரத்திடமிருந்து பணம் வந்த ஏழு நாட்களுக்குள் முதன்மை ஒப்பந்ததாரர் தன் துணை ஒப்பந்ததாரருக்குரிய பங்கைக் கொடுத்தாக வேண்டும். உங்கள் வேலைக்கான தொகை நகரத்திலிருந்து எந்தத் தேதியில் வந்தது என்று துறையிடம் எழுத்தில் கேளுங்கள். வந்திருந்தால், தேதியைக் குறிப்பிட்டு ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்பினாலே பல நேரங்களில் காசோலை வந்துவிடும். வராவிட்டால் இரண்டு வழிகள். பொது வேலைகளுக்கு ஒப்பந்ததாரர் கொடுத்திருக்க வேண்டிய பணப்பட்டுவாடா உத்தரவாதப் பத்திரத்தின் மேல், வேலை முடிந்து நகரம் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்குத் தொடரலாம்; பத்திரத்தின் நகலைத் துறையிலேயே கேட்டு வாங்கலாம். இல்லையென்றால் பொது வேலை மீதான பற்றுரிமை, அதாவது நிலுவை தீரும்வரை பணத்தைப் பிடித்துவைக்கக் கோரும் உரிமை. இது நூலகக் கட்டடத்தின் மேல் விழாது, ஒப்பந்ததாரருக்கு நகரம் கொடுக்க வேண்டிய பணத்தின் மேல் விழும். அதற்கான அறிவிப்பை, வேலை முடிந்து ஏற்கப்பட்ட 30 நாட்களுக்குள், துறைத் தலைவரிடமும் நிதி அதிகாரியிடமும் தாக்கல் செய்ய வேண்டும். ஒரே ஓர் எச்சரிக்கை: அந்த அறிவிப்பில் நீங்கள் உண்மையில் செய்த 22,000 டாலரைத் தவிர ஒரு சென்ட்கூடச் சேர்க்காதீர்கள். தெரிந்தே தொகையைக் கூட்டிக் காட்டினால் பற்றுரிமை முழுவதையும் நீதிமன்றம் செல்லாததாக்கிவிடும்.

சான்றிதழ் விஷயத்தில் உங்கள் கணவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். காசோலைகளில் அவரே கையெழுத்திடுகிறார், டெண்டர் விலையையும் அவரே போடுகிறார் என்று கடிதத்தின் நடுவே எழுதியிருக்கிறீர்கள். 51 சதவீதத்துக்குக் குறையாத பங்கு பெயரில் இருந்தால் போதாது; நிறுவனத்தை நடத்துவதும் கட்டுப்படுத்துவதும் சான்றிதழுக்குரியவராக இருக்க வேண்டும். கணவர் கம்பெனியில் வேலை பார்ப்பதில் தவறு இல்லை. அவரும் இந்திய வம்சாவளியினர், அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர் என்றால், இருவரும் சேர்ந்து நடத்தினாலும் சிறுபான்மையினர் சான்றிதழ் நிற்கும். பெண்கள் நிறுவனச் சான்றிதழ் உங்கள் ஒருவரின் கையில்தான் நிற்கிறது. ஆகவே வங்கிக் கணக்கில் உங்கள் கையெழுத்து, ஆள் எடுப்பதிலும் விலை போடுவதிலும் உங்கள் முடிவு, இவை காகிதத்திலும் நடைமுறையிலும் தெரியட்டும். வேலையிடத்துக்கு நீங்களே போய் டைல்ஸ் அளவு எடுப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த அளவுக் குறிப்பேட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், அதைவிட நல்ல சாட்சி உங்களுக்கு இல்லை.

இந்தத் திட்டமே நீதிமன்றத்தில் விழுந்துவிடாதா என்று உங்கள் கணவர் கேட்டிருக்கிறார். 1983 இல் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரம், ஒப்பந்தத் தொகையில் 30 சதவீதம் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்குப் போக வேண்டும் என்று சட்டம் போட்டது. மக்களில் பாதிப் பேர் கறுப்பினத்தவராக இருந்த அந்த ஊரில், முந்தைய ஐந்தாண்டுகளின் முதன்மை ஒப்பந்தங்களில் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்குக் கிடைத்தது 0.67 சதவீதம். நகரச் சிறைக்கு எஃகுக் கழிப்பறைச் சாதனங்கள் பொருத்தும் ஒரு டெண்டரில் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1989 இல் அந்தச் சட்டம் ரத்தானது. அந்த ஊரின் கட்டுமானத் தொழிலில், யாருக்கு, என்ன பாகுபாடு நடந்தது என்பதற்கான சான்று வேண்டும் என்றது நீதிமன்றம். நியூயார்க் போன்ற நகரங்கள் கணக்கெடுப்பு ஆய்வுகளின் மேல் தங்கள் சட்டத்தைக் கட்டியதற்கு அந்தத் தீர்ப்பே காரணம். அந்தக் கணக்கில் உங்கள் 38,000 டாலர் இப்போது 'ஒரு பெண்ணின் நிறுவனம் பெற்ற வேலை' என்று ஏறியிருக்கிறது. அந்த வேலையை உண்மையாகவே செய்யக் காத்திருக்கும் இன்னொரு பெண்ணுக்கு, இலக்கு எட்டியாயிற்று என்று பதில் போகும். எனக்கு இதில் மிகவும் வலிப்பது அதுதான்.

கடைசியாகக் கேட்ட சுரங்க ரயில் நிலைய வேலைக்கு விதி வேறு. அதில் கூட்டாட்சிப் போக்குவரத்து நிதி இருந்தால் நகரச் சான்றிதழ் செல்லாது. பின்தங்கிய நிறுவனம் என்ற தனிச் சான்றிதழ் வேண்டும். அந்தத் திட்டத்தில் பெண்கள், சிறுபான்மையினர் என்பதாலேயே பின்தங்கியவர் என்று கருதும் அனுமானத்தை 2025 அக்டோபர் 3 முதல் கூட்டாட்சிப் போக்குவரத்துத் துறை நீக்கிவிட்டது. ஒவ்வொருவரும் தன் சமூக, பொருளாதாரப் பாதிப்பைத் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும். மாநில நிதி மட்டும் என்றால் மாநில நிர்வாகச் சட்டத்தின் 15-ஏ பகுதியும் மாநிலச் சான்றிதழும் பொருந்தும். நிதி எங்கிருந்து வருகிறது என்பதை டெண்டர் ஆவணத்தில் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். குற்றவியல் வழக்கறிஞரைச் சந்தித்த பிறகு எழுதினால் இன்னும் நல்லது.